நடன இசைத் தட்டுக்கு எந்த உறை? இலங்கை மலையகத்திலிருந்து வெளியிடுவோருக்கு ஓர் ஒப்பீடு

தப்பு என்னும் பறையின் அடியைப் பதிந்து, அதன் கீழே நான்குக்கு நான்கு தாளத்தில் கனமான 'கிக்' மேள அடி ஒன்றை ஓடவிட்டு நடன இசை செய்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு முடிந்துவிட்டது, அதைப் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாக வெளியிடவும் முடிவு செய்தாயிற்று. உறைக்கும், தட்டின் நடுவிலுள்ள வட்டக் கடதாசியான லேபலுக்கும் எவ்வளவு செலவழிப்பது? வெள்ளை லேபலில் முத்திரை குத்தினால் போதுமா? நடுவில் துளையிட்ட உறையை இங்கேயே அச்சிடலாமா? அல்லது தட்டை அழுத்தும் ஆலையிடமே முழுவண்ண உறையைக் கேட்டுவிடலாமா?

கையில் இருப்பது அளவான தொகை என்றால், அது முதலில் போக வேண்டிய இடம் உறையின் படம் அல்ல. லேபலும் அதிலுள்ள தமிழ் எழுத்தும்தான் முதலில். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கணக்கிட வசதியாகச் சிலவற்றை வைத்துக்கொள்வோம்: 12 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுழற்சி, 140 கிராம் தட்டு, 300 பிரதிகள், தட்டு அழுத்துவது வெளிநாட்டு ஆலை. நூறு பிரதிக்கும் இணங்கும் ஆலைகள் உண்டு. ஆனால் ஒலியை முதலில் செதுக்கும் மூல வெட்டுக்கும், அதிலிருந்து எடுக்கும் அச்சுத் தகட்டுக்கும் ஆகும் நிலையான செலவு நூறு பிரதிகளின் மேல் மட்டும் விழுந்தால் தட்டொன்றின் விலை தாங்காது. 12 அங்குலம் என்பதும் காரணத்தோடுதான். 1970களின் நடுவில் டொம் மோல்டன் என்ற கலவையாளர், ஏழு அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோனதால் பெரிய தட்டில் ஒரே பாட்டை வெட்டிப் பார்த்தார். பள்ளங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தபோது ஒலி உரத்தது, அடிநாதமும் ஆழமானது. நடன இசை அந்த அளவை அன்றிலிருந்து விடவில்லை.

## முதலில், எதை வைத்து அளப்பது

இருட்டில் வாசிக்க முடிகிறதா. டீஜே தட்டை உறையிலிருந்து உருவும்போது அவர் கண் தேடுவது மூன்றை: எந்தப் பக்கம், எத்தனை சுழற்சி, எந்தப் பாட்டு. ஒரு சிறு விளக்கின் வெளிச்சத்தில் இவை தெரிய வேண்டும். மற்ற எல்லா அழகும் இதற்குப் பின்னால்தான்.

பெயர்கள் இருக்கின்றனவா. தப்பு அடித்தவர், பாடியவர், பதிந்தவர், கலந்தவர் எல்லோருடைய பெயரும் தமிழில் அச்சாக வேண்டும். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) ஆள் கூப்பிட அடித்த தப்பு, காமன் கூத்தில் அடித்த தப்பு, சாவு வீட்டில் அடித்த தப்பு. அதை அடித்தவர் பெயரை யாரும் எழுதிவைத்ததில்லை. அந்த வாத்தியத்தைத் தாழ்வாகப் பார்த்த வழக்கமும் இன்னும் முழுதாக ஒழியவில்லை. ஆகவே தட்டில் அவர் பெயர் பாட்டின் பெயருக்கு அருகிலேயே, வாசிக்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கீழேயுள்ள மூன்று வழிகளையும் அளக்கும்போது நான் அதிகம் பார்த்ததும் இதைத்தான்.

ஈரம். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலுள்ள நுவரெலியாவிலும், தென்மேற்குப் பருவமழை நேரே வந்து மோதும் ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியா பக்கங்களிலும் கடதாசி நெளியும், பூஞ்சணம் பிடிக்கும், மை காயாது.

காசு எந்த நாணயத்தில், எப்போது. 2022இல் ஒரு டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபா சொச்சத்திலிருந்து 350ஐத் தாண்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலரில் கட்டும் ஒவ்வொரு தொகையும் ஓர் ஆபத்து. ரூபாவில் உள்ளூரில் கட்டுவதைத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

பொதியின் நிறையும் (எடையும்) மறுபதிப்பும். இவற்றை அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

## வழி 1: வெள்ளை லேபல், இறப்பர் முத்திரை

ஆலையிலிருந்து எதுவும் அச்சிடாத வெள்ளை லேபலோடு தட்டு வரும். கறுப்போ பழுப்போ ஆன வெறும் உறையும் கூடவே வரும். நீங்கள் முத்திரை செய்து ஒவ்வொன்றாகக் குத்துகிறீர்கள். டீஜேக்களுக்கு முன்னோட்டமாக அனுப்பும் தட்டுகள் இப்படித்தான் உலகெங்கும் போயின. நடன இசை உலகில் இது ஏழைத் தோற்றமாகக் கருதப்படுவதில்லை, மரியாதையான மரபு.

டொலர் செலவு மிகக் குறைவு. அச்சுக்குக் காத்திருக்கும் வாரங்களும் மிச்சம். நல்ல முத்திரை எழுத்து தடித்துப் பெரிதாக இருக்கும், இருட்டிலும் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு உழைப்பு. 300 தட்டு என்றால் 600 முறை குத்த வேண்டும். மழைநாளில் மை காயாது. காயாத தட்டை உள்ளுறையில் நுழைத்தால் எழுத்து இழுபட்டு உள்ளுறையிலும் படியும். தட்டுகளை நிமிர்த்தி வைத்து உலரவிட அறையும் இடமும் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, முத்திரையில் இரண்டு மூன்று வரிக்கு மேல் தமிழ் தாங்காது. பன்னிரண்டு பொயின்டுக்குக் கீழே போனால் சுழிகள் மையால் அடைபடும். பெயர்களுக்கு இடமே இல்லை.

அதற்கு மருந்து உண்டு. திருமண அழைப்பிதழும் கோயில் திருவிழா அறிவித்தலும் அச்சிடும் நகரத்து அச்சகத்தில், ஒரே நிறத்தில், மடித்த ஏ5 தாள் ஒன்று அடித்து உறைக்குள் வையுங்கள். செலவு சிறிது. பெயர்கள் முழுதாக வந்துவிடும். ஆனால் தாள் தொலையும், தட்டு தொலையாது. பெயர் தட்டிலேயே இல்லாத குறை அப்படியேதான் இருக்கும்.

## வழி 2: அச்சிட்ட லேபல், நடுத்துளை உறை

லேபலை ஆலை அச்சிடுகிறது. உறையை நீங்கள் இங்கே செய்கிறீர்கள்: சதுர மீட்டருக்கு 300 அல்லது 350 கிராம் மட்டை, நடுவில் லேபல் அளவுக்கு வட்டத் துளை, ஒரு நிறமோ இரு நிறமோ ஸ்கிரீன் பிரிண்ட். உறையின் முகம் பெரும்பாலும் வெறுமை. எழுத்தும் விவரமும் துளை வழியே தெரியும் லேபலில் இருக்கின்றன.

இந்த வழியை நான் விரும்புவதற்குக் காரணம் லேபல்தான். அது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள கடதாசி. பசை போட்டு ஒட்டுவதில்லை. தட்டை அழுத்தும்போதே ஏறத்தாழ 150 பாகை வெப்பத்தில் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து அழுந்திவிடுகிறது. அதற்கு முன் லேபல்களை அடுப்பில் சுட்டு ஈரத்தைப் போக்குவார்கள். அதனால் உறை கிழிந்தாலும் பூஞ்சணம் பிடித்தாலும் லேபலில் உள்ள பெயர் தட்டோடு இருக்கும். நூறு மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு பொயின்ட் தமிழில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் தாராளமாக அடங்கும்.

உறை உள்ளூரில் ஆவதால் நிறையும் குறைகிறது. 315 மில்லிமீட்டர்ச் சதுர உறை ஒன்று, 300 கிராம் மட்டையில், மடிப்புகளோடு 60 கிராமைத் தாண்டும். 300 பிரதிக்கு ஏறத்தாழ 20 கிலோ. அந்த 20 கிலோவுக்குச் சரக்குக் கட்டணம் இல்லை. சரக்குக் கட்டணத்தையும் சேர்த்த பெறுமதியின் மேல் விழும் வரியும் இல்லை. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு நன்மையும் உண்டு. உறைக்குள் போட்டு அனுப்பிய தட்டு பயணத்தில் ஆடி ஆடி உறையின் விளிம்பை வெட்டிவிடும். உள்ளுறையோடு மட்டும் வரும் தட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். இந்த வழியில் அவை நிறையவே உண்டு, பொறுமையாகப் பாருங்கள்.

ஆலை 300 என்று சொன்னால் சரியாக 300 வராது. பத்து சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பும் உரிமையைப் பெரும்பாலான ஆலைகள் ஒப்பந்தத்தில் எழுதிவைத்திருக்கும். 330 தட்டு வந்து 300 உறை மட்டும் இருந்தால் முப்பது தட்டு நிர்வாணமாக நிற்கும். அச்சில் வீணாவதையும் சேர்த்து 360 தாள் வெட்டச் சொல்லுங்கள்.

ஒட்டிய உறையின் மேல் ஸ்கிரீன் பிரிண்ட் அடிக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ஒட்டுமடிப்பின் மேடு அச்சில் கோடாகத் தெரியும். முதலில் தட்டையான தாளில் அச்சு, பிறகு டை கட்டிங் (வடிவ அச்சால் வெட்டுதல்), கடைசியாக ஒட்டுதல். மட்டையின் இழை, உறையின் மடிந்த முதுகுப் பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், ஈரத்தில் உறை வில்லாக வளையும். மட்டை வாங்கும்போதே இதைக் கேளுங்கள், கடைக்காரர் இரண்டு பக்கமும் மெல்ல மடக்கிக் காட்டுவார். எளிதாக மடங்கும்போது மடிப்புக் கோடு ஓடும் திசைதான் இழை.

உலர்த்துவது இன்னொரு வேலை. ஜூலை, ஓகஸ்டில் ஹட்டன் பக்கம் மழையில் ஊறும்போது பதுளை, பண்டாரவளை பக்கம் வறண்ட காற்று வீசும். ஊவாவில் தெரிந்த ஒருவரிடம் வேலையைக் கொடுக்க முடிந்தால் அந்த மாதங்களில் அங்கே கொடுங்கள். இங்கேயே ஆக வேண்டுமென்றால் தாள்களை அடுக்காமல் கம்பியில் தொங்கவிட்டு, மறுநாள் இடையில் கடதாசி வைத்து அடுக்குங்கள்.

துளை வழியே தூசி போகும் என்பதும் உண்மை. வெளியே திறந்த வாயுள்ள பொலிதீன் உறை ஒன்று போதும். பி.வி.சி. உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் காலப்போக்கில் தட்டின் மேல் மூட்டமாகப் படியும். சுருக்கி ஒட்டும் பொலிதீனும் வேண்டாம், இறுக்கத்தில் தட்டு வளையும். ஈரநாளில் அப்படி மூடினால் ஈரமும் உள்ளேயே தங்கும்.

ஒரு வடிவமைப்புக் குறிப்பு. உறையின் வட்டத் துளையைத் தப்பின் வட்டமாக்கி, லேபலைத் தோலாக்கும் யோசனை எல்லோருக்கும் முதலில் வருவது. நல்ல யோசனைதான். ஆனால் தட்டு உறைக்குள் அசையும், துளையும் லேபலும் ஒருபோதும் ஒரே மையத்தில் நிற்காது. லேபல் அச்சிலேயே ஓரிரு மில்லிமீட்டர் விலகலாம். இரண்டும் பொருந்தினால்தான் படம் புரியும் என்ற நிலையில் எதையும் வரையாதீர்கள். விளிம்பையொட்டி மெல்லிய வளையக் கோடும் வேண்டாம், விலகல் அதில்தான் உடனே கண்ணில் படும்.

## வழி 3: ஆலையில் அச்சிட்ட முழுவண்ண உறை

முதுகுள்ள 300 கிராம் உறை, முன்னும் பின்னும் நான்கு நிற அச்சு, மேலே மெருகுப் பூச்சு. எல்லாம் ஒரே இடத்தில் முடிந்து பெட்டியில் வரும். கடை அலுமாரியில் நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டுக் கடைகள், விநியோகஸ்தர்கள் இதையே எதிர்பார்ப்பதும் உண்டு. ஈரத்தைத் தாங்குவதிலும் மூன்றில் இதுவே மேல், பூச்சிட்ட மட்டை சட்டென்று ஈரம் குடிக்காது.

செலவு முழுதும் டொலரில், முழுதும் முன்பணம். உறையில் ஒரு விசேஷ வெட்டு, ஒரு பொன்முலாம் என்று சேர்க்கச் சேர்க்கக் கணக்கு ஓடும். 1983இல் மான்செஸ்டரின் பெக்டரி இசை நிறுவனம் வெளியிட்ட நியூ ஆர்டர் குழுவின் 'புளூ மண்டே' தட்டுக்கு வடிவமைப்பாளர் பீட்டர் செவில் கணினி நெகிழ்தட்டு (பிளொப்பி) வடிவில், வெட்டுத் துளைகளோடு உறை அமைத்தார். முகப்பில் குழுவின் பெயர்கூட இல்லை, நிறக் குறிகளே எழுத்தாக நின்றன. உறையின் செலவால் விற்ற ஒவ்வொரு பிரதியிலும் நட்டம் என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. பிந்திய பதிப்புகளில் வெட்டுகளை விட்டுவிட்டார்கள். உலகமே வாங்கிய தட்டுக்கு அந்தக் கதை பெருமை சேர்த்தது. 300 பிரதி வெளியிடுபவர் அதைத் தாங்க முடியாது.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இங்கே உண்டு. முதுகு 3 மில்லிமீட்டர். மடிப்பு விலகலுக்கு இடம்விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 2 மில்லிமீட்டர். ரோமன் பெரிய எழுத்து அதில் அடங்கும். தமிழில் மேலே 'கி', 'கீ'யின் வளைவு, கீழே 'கூ', 'ழு'வின் வால் என்று இரு பக்கமும் இடம் வேண்டும். நாலரைப் பொயின்டுக்கு மேல் போக முடியாது, அது வாசிக்க ஆகாது. முதுகில் தமிழ் வேண்டுமென்றால் 5 மில்லிமீட்டர் முதுகு கேளுங்கள், அல்லது முதுகில் தட்டின் வரிசை எண்ணை மட்டும் வையுங்கள்.

## ஒரு பார்வையில்

| | முத்திரை | நடுத்துளை | முழுவண்ணம் |
|---|---|---|---|
| இருட்டில் வாசிப்பு | நன்று | மிக நன்று | லேபலைப் பொறுத்தது |
| பெயர்களுக்கு இடம் | தனித் தாளில் மட்டும் | லேபலிலேயே | பின்னட்டையிலும் லேபலிலும் |
| ஈரம் தாங்குதல் | குறைவு | நடுத்தரம் | நன்று |
| டொலர் செலவு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| கை உழைப்பு | அதிகம் | மிக அதிகம் | இல்லை எனலாம் |
| கடையில் கண்ணில் படுதல் | குறைவு | நடுத்தரம் | அதிகம் |

## எழுத்து: எந்த வழியானாலும் தப்ப முடியாதது

வெளிநாட்டு ஆலையில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருக்கமாட்டார். எழுத்து உடைந்து போனாலும் அவர் கண்ணுக்கு அது சரியாகவே தெரியும். ஆகவே காவல் முழுதும் உங்களுடையது.

நம் அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு. அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ரோமன் எழுத்துகளின் குவியல்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றியபின் ஒவ்வொரு பெயரையும் கண்ணால் ஒப்பிடுங்கள். வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய மொழிகளுக்கான வரி அமைப்பி இயங்குகிறதா என்று பாருங்கள், இல்லையேல் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அனுப்புமுன் எழுத்து முழுவதையும் எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவாக மாற்றிவிடுங்கள். மாற்றாத பிரதி ஒன்றை மறுபதிப்புக்காக உங்களிடம் வைத்திருங்கள்.

எழுத்துகளுக்கிடையே இடம் விட்டு அகட்டுவது ரோமனில் நடன இசைத் தட்டுகளுக்கே உரிய தோற்றம். தமிழில் அதைச் செய்தால் கொம்பும் காலும் தாய் எழுத்தைவிட்டுப் பிரியும், 'கா'வின் கால் தனி 'ர' ஆகத் தெரியும். வட்டத்தைச் சுற்றி எழுத்தை ஓட்டுவதும் இதே விளைவுதான். லேபல் வட்டம் என்பதற்காக எழுத்தும் வட்டமாக ஓட வேண்டியதில்லை, நேர் வரிகளே போதும்.

கறுப்பு லேபலில் வெள்ளை எழுத்து என்றால் மை உள்ளே பரவி முதலில் அழிவது மெய்யெழுத்தின் புள்ளி. ஆறு பொயின்ட் எழுத்தில் அந்தப் புள்ளி ஏறத்தாழ மூன்றிலொரு மில்லிமீட்டர்தான். எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள், மெல்லிய எடையைத் தவிருங்கள். கெட்டமரன், பலூ தம்பி, முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, விற்பனைப் பொருளிலும் பயன்படுத்தலாம். சிறு எழுத்துக்கு நோட்டோ அல்லது முக்தா மலர், தலைப்புக்கு வேண்டுமானால் பலூ தம்பியின் தடித்த எடை என்பது என் தெரிவு.

தலைப்பை மட்டும் பெயர்ப்பலகை எழுதும் கலைஞர் ஒருவரிடம் தூரிகையால் எழுதிவாங்க முடிந்தால், அதற்கு ஈடான எழுத்துரு கிடையாது. பிளெக்ஸ் பதாகை வந்தபின் அவர்களுக்கு வேலை குறைந்துவிட்டது, கை குறையவில்லை. உரிய கூலி கொடுங்கள், அவர் பெயரையும் லேபலில் போடுங்கள்.

மொழி விடயத்தில் தமிழ் பெரிதாக இருக்கட்டும். டிஸ்காக்ஸ் போன்ற இசைத்தட்டுப் பட்டியல் தளங்களில் தேடுபவருக்காகக் குழுவின் பெயரும் பாட்டின் பெயரும் ரோமன் எழுத்தில் ஒருமுறை லேபலில் வேண்டும். சிங்களத்தில் பெயர் போடுவதானால் சிங்களம் வாசிப்பவர் ஒருவரிடம் காட்டாமல் அனுப்பக்கூடாது, நமக்கு நேரும் அதே சிதைவு அந்த எழுத்துக்கும் நேரும்.

படம் பற்றியும் ஒரு வார்த்தை. கூடையோடு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். தேயிலைப் பொதியும் சுற்றுலா விளம்பரமும் நெடுங்காலமாக நம் தாய்மாரின் முகத்தைப் பெயரின்றி விற்று வருகின்றன. உங்கள் தட்டு அதைத் தொடர வேண்டாம். மலையகம் தெரிய வேண்டுமென்றால் தேயிலைச் சாக்கைப் பாருங்கள்: தோட்டத்தின் குறி, தரம், இன்வொய்ஸ் எண், நிறை, எல்லாம் தடித்த எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக. பக்கம், சுழற்சி, வரிசை எண், நிமிடம் என்று ஒரு லேபலுக்கு வேண்டியதும் அதே ஒழுங்குதான். உண்மையான தோட்டமொன்றின் குறியை மட்டும் எடுக்காதீர்கள், அது கம்பனியின் சொத்து. சாக்கில் போல ஸ்டென்சில் தகடு வெட்டி எழுதுவதானால் 'வ', 'ன', 'ண' போன்றவற்றின் சுழி கழன்று விழாமல் பாலம் விட வேண்டும்.

## யாருக்கு எது

பாட்டு எப்படிப் போகும் என்று தெரியாமல், தட்டொன்றின் விலை கூடினாலும் நூறு பிரதி மட்டும் எடுத்து டீஜேக்கள் கையில் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்றால் முத்திரை, கூடவே பெயர்த்தாள். கொழும்பு, லண்டன், டொரொண்டோ கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர் ஒருவர் கிடைத்து, முன்பணத்தில் பங்கும் தருகிறார் என்றால் முழுவண்ணம். அப்போது பட்டைக் குறியீடும் வேண்டும், இலங்கையில் பதிந்தால் அது 479 என்று தொடங்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேலை செய்ய ஆள் இருந்து, 300 பிரதியை நிகழ்ச்சிகளிலும் நேரிலும் தபாலிலும் விற்கப்போகிறீர்கள் என்றால் நடுத்துளை. முதல் தட்டு வெளியிடும் பெரும்பாலானோர் இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கிறார்கள். மறுபதிப்பு வந்தால் அதே ஸ்கிரீனில் மையின் நிறத்தை மட்டும் மாற்றி அடிக்கலாம், இரண்டாம் பதிப்பு எது என்று வாங்குபவருக்கும் தெரியும்.

எதைத் தெரிந்தாலும் ஆலை அனுப்பும் லேபல் மாதிரியை நிஜ அளவில் தாளில் அச்சிட்டு, வட்டமாக வெட்டி, விளக்கை அணைத்துவிட்டு, தொலைபேசித் திரை வெளிச்சத்தில் கை நீட்டும் தூரத்தில் பிடித்து வாசியுங்கள். தப்பு அடித்தவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். தன் பெயரை அவர் தடங்கலின்றி வாசித்த பிறகு ஆலைக்குச் சம்மதம் எழுதலாம்.